ஆப்பிள் விற்றவரும் வம்பு விற்றவரும்

ஆங்கிலத்தில் 'மங்கர்' என்று முடியும் சொற்களில் பழைய லண்டன் கடைத்தெருவே ஒளிந்திருக்கிறது. ஃபிஷ்மங்கர் மீன்காரர், அயர்ன்மங்கர் இரும்புச் சாமான் கடைக்காரர், ஃபெல்மங்கர் ஆட்டுத்தோல் வியாபாரி.

இவர்களில் சுவாரசியமானவர் காஸ்டர்மங்கர். 'காஸ்டர்ட்' என்ற பெரிய ரக ஆப்பிளைத் தெருவில் கூவி விற்றவர். பிறகு தள்ளுவண்டியில் காய், பழம், மீன் எது விற்றாலும் அதே பெயர்தான். லண்டன் ஏழைகளைப் பற்றி 1851இல் ஹென்றி மேஹியூ வெளியிட்ட நூலில் இவர்களுக்குத் தாராளமாகவே இடம் கிடைத்தது.

'மங்கர்' ஒட்டின் வேர், லத்தீன் 'மாங்கோ': சரக்கை மினுக்கித் தலையில் கட்டும் வியாபாரி. (நம் மாங்காயிலிருந்து போன 'மேங்கோ' வேறு.) 16ஆம் நூற்றாண்டிலிருந்து இந்த ஒட்டு வசவுக்கும் பயன்பட்டது. போருக்குத் தூபம் போடுபவர் வார்மங்கர். ஊர்வம்பு பரப்புபவர் ஸ்கேண்டல்மங்கர். மீன் கடை, சீஸ் கடைப் பலகைகளிலோ அது இன்றும் மரியாதையான பெயர்தான்.