கிரீஸ் கெட்டால் தண்டவாளம் உடையும்

2024 செப்டம்பர் 25. சிங்கப்பூரின் கிழக்கு மேற்கு எம்ஆர்டி பாதையில், பழுதானதால் பணிமனைக்குத் திரும்பிய ரயில் ஒன்றின் அச்சுப்பெட்டி டோவர் நிலையம் அருகே கழன்று விழுந்தது. சக்கரங்கள் தடம்புரண்டபடியே ரயில் ஓட, சுமார் இரண்டரை கிலோமீட்டர் தூரத்துக்குப் பாதை சேதமானது. தண்டவாளம் 46 இடங்களில் உடைந்தது. முழுச் சேவை அக்டோபர் 1ஆம் தேதிதான் திரும்பியது.

அச்சுப்பெட்டிக்குள் இருப்பது பேரிங். அதிலுள்ள கிரீஸ் தரம் கெட்டதே பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்றது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விசாரணை. கிரீஸ் கெட்டால் உலோகத்தோடு உலோகம் நேராக உரசும், உரசினால் சூடேறும், சூடேறினால் எஃகும் வலுவிழக்கும்.

பாகங்கள் பழுதாக வேறு வழிகளும் உண்டு. ஈரமும் உப்பும் சேர்ந்தால் துரு. தாங்கக்கூடிய சுமையே ஆனாலும், லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். பிளாஸ்டிக்குக்கு எதிரி வெயில்: தேக்கா அடுக்குமாடி வீட்டுச் சன்னலில் துணி காயப்போடும் கிளிப், நாளாக ஆக நிறம் வெளுத்து, ஒருநாள் அழுத்தும்போது 'பட்'டென்று உடைவது புற ஊதாக் கதிர்கள் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடுவதால்தான்.

பல பாகங்கள் முன்னறிவிப்போடுதான் உடைகின்றன: புதுச் சத்தம், வழக்கத்துக்கு மாறான சூடு, வெளுத்த நிறம், மெல்லிய கோடு. வீட்டு மின்விசிறி கரகரத்தால் தள்ளிப்போடாதீர்கள். இன்றே பழுது பார்ப்பவரை அழையுங்கள்.