இது எந்த வண்டி? துப்பறியலாம் வாங்க!



விடுமுறைக்குக் கிராமத்துக்குப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். தாத்தா வீட்டு மாட்டுக் கொட்டகையில், வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால், சாக்குப் போர்த்திய ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பெட்ரோல் டாங்க் ஒரு நிறம், மட்கார்டு வேறு நிறம். ஹேண்டில்பார் கிடாக் கொம்பு மாதிரி வளைந்திருக்கிறது. சைலன்சர் எந்த வண்டியில் இருந்து வந்ததோ! முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே அளவில் இல்லை.

"பழைய இரும்புக் கடையில் போடலாம். எப்படியும் 150 கிலோவுக்குக் குறையாது" என்கிறார் மாமா. "வேண்டாம், ஓட வைத்துவிடலாம்" என்கிறார் சித்தப்பா. யார் சொல்வது சரி?

இதற்குப் பதில் சொல்லும் முன் வேறொரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். 'இது என்ன வண்டி?' அதைத் தெரிந்து கொள்ளாமல் விற்றாலும் நஷ்டம், பிரித்தாலும் நஷ்டம். டாக்டர் முதலில் நோயாளியை விசாரிப்பதில்லையா? அது போல வண்டியையும் விசாரிக்க வேண்டும். வாருங்கள், துப்பறிவோம்.

முதல் பார்வை

டாங்கில் எழுதியிருக்கும் பெயரை நம்பக் கூடாது. டாங்கைக் கழற்றி வேறொன்று மாட்ட அரை மணி நேரம் போதும். எளிதில் மாற்ற முடியாததைப் பாருங்கள்: என்ஜின், அதைத் தாங்கும் இரும்புச் சட்டம்.

ஒரே ஒரு சிலிண்டர், ஆனால் இரண்டு சைலன்சர். கிக்கரே கியர் லீவராகவும் வேலை செய்கிறது. அப்படியானால் அது மைசூரில் தயாரான 250 சி.சி. ஜாவா அல்லது யெஸ்டியாக இருக்கலாம். அந்தத் தொழிற்சாலை 1961-இல் தொடங்கி 1996-இல் மூடப்பட்டது.

உயரமான ஒற்றைச் சிலிண்டர், அதற்குப் பின்னால் தனியாக ஒரு கியர் பெட்டி, வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக். அப்படியானால் பழைய புல்லட்! நம் ஊர்க் கொட்டகைகளில் இப்படிக் கலப்படமாக நிற்பவற்றில் புல்லட்டுக்குத் தனி இடம் உண்டு. காரணம் அதன் கதையில் இருக்கிறது.

ரெட்டிச் முதல் திருவொற்றியூர் வரை

ராயல் என்ஃபீல்டு, இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த நிறுவனம். நம் ராணுவத்துக்காக அங்கிருந்து 350 சி.சி. புல்லட்டுகள் வந்தன. 1955-இல் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' என்ற கம்பெனியைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்தில் இருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள்.

1967-இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்று போனது. ஆனால் திருவொற்றியூரில் நிற்கவில்லை. அதே அடிப்படை அமைப்போடு ஐம்பது ஆண்டுகள் புல்லட் வந்து கொண்டே இருந்தது. அதனால் 1965 வண்டியில் 1985 வண்டியின் பாகம் பல இடங்களில் பொருந்திவிடும். ஒன்று உடைந்தால் மெக்கானிக் கையில் கிடைத்ததைப் பூட்டிவிடுவார். என்ஜினும் கியர் பெட்டியும் தனித்தனியாக இருந்ததால் ஒன்றை மட்டும் கழற்றி மாற்றுவதும் எளிது.

கலப்பு வண்டி என்றால் கேவலம் இல்லை. இங்கிலாந்தில் 1950-களிலும் 60-களிலும் இளைஞர்கள் டிரையம்ப் என்ஜினை நார்ட்டன் வண்டியின் சட்டத்தில் பொருத்தினார்கள். ஒன்றில் வேகமான என்ஜின், மற்றொன்றில் உறுதியான சட்டம். இரண்டின் பெயரையும் சேர்த்து 'டிரைட்டன்' என்று அழைத்தார்கள். இன்றும் அதற்கு மதிப்பு உண்டு. என்ன கலந்தது என்று தெரிந்து கலந்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டு எண்கள்

எல்லா வண்டிக்கும் இரண்டு அடையாள எண்கள் உண்டு. ஒன்று சேஸிஸ் எண். இது பழைய புல்லட்டில், ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் இரும்பில் பொறிக்கப்பட்டிருக்கும். மற்றொன்று என்ஜின் எண். சிலிண்டர் உட்காரும் இடத்துக்குக் கீழே, என்ஜின் கூட்டின் மேல் இருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்தால் தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்; எண்ணே அழிந்துவிடும்.

இந்த இரண்டையும் எழுதிக்கொண்டு ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால், மேலே எத்தனை பாகம் மாறியிருந்தாலும் வண்டி அதே வண்டிதான். என்ஜின் எண் மட்டும் பொருந்தவில்லை என்றால் யாரோ என்ஜினை மாற்றியிருக்கிறார்கள். சேஸிஸ் எண்ணே சுரண்டப்பட்டிருந்தால்? உடனே கையை எடுத்துவிட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அது திருட்டு வண்டியாக இருக்கலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. என்ஜினை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி பதிய வேண்டும். ஆகவே இந்த இரண்டு எண்கள்தான், வண்டி மறுபடியும் சாலைக்கு வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கின்றன.

கணக்கு வாத்தியார் சொல்லும் சாட்சி

டாங்கில் 350 என்று இருக்கிறது. உள்ளே இருப்பது 350-தானா? மெக்கானிக் சிலிண்டரின் தலையைத் திறக்கும்போது வெர்னியர் அளவியோடு போய் நில்லுங்கள். சிலிண்டரின் உள் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 90 மி.மீ. என்று அளந்தீர்கள். உருளையின் கன அளவுக்குச் சூத்திரம் தெரியும்தானே?

22/7 × 3.5 × 3.5 × 9 = 346.5 கன செ.மீ. சி.சி. என்பதும் கன சென்டிமீட்டர்தான். 350 புல்லட்டின் உண்மையான அளவு 346 சி.சி. சரியாக வந்துவிட்டதா?

விட்டம் 84 மி.மீ. இருந்தால் 22/7 × 4.2 × 4.2 × 9 = 498.96. அது 500 சி.சி. புல்லட்! கணக்குப் பாடம் எங்கே பயன்படும் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சற்றுப் பெரிய பிஸ்டன் போடுவது வழக்கம். எனவே 70-க்குப் பதில் 71 இருந்தால் குழம்ப வேண்டாம்.

மரை சொல்லும் சாட்சி

பழைய புல்லட்டில் பல போல்ட்டுகள் ஓர் அங்குலத்துக்கு 26 மரை என்ற ஆங்கிலேய அளவில் இருக்கும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. 26-ஆல் வகுத்தால் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.977 மி.மீ. மெட்ரிக் அளவிலோ இடைவெளி 1 மி.மீ. உள்ள போல்ட்டுகள் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்!

வித்தியாசம் 0.023 மி.மீ.தான். ஆனால் பத்து மரைக்குள் அது 0.23 மி.மீ. ஆகிவிடும். அதனால் நட்டு இரண்டு மூன்று சுற்று சுலபமாக ஏறும். பிறகு இறுகும். அவசரக்காரர் ஸ்பேனரைப் போட்டு முறுக்குவார், மரை கழன்றுவிடும். விரலால் சுற்றும்போதே ஏறாத நட்டை ஸ்பேனரால் ஏற்றக் கூடாது. கலப்பு வண்டிகள் பலவற்றைக் கெடுப்பது துரு அல்ல, இந்த அவசரம்தான்.

பல்பு விஷயத்திலும் இப்படித்தான். பழைய வண்டிகளில் 6 வோல்ட் பாட்டரி. பிற்கால வண்டிகளில் 12 வோல்ட். 6 வோல்ட் பல்பை 12 வோல்ட்டில் மாட்டினால் பளிச்சென்று எரிந்து உடனே போய்விடும். 12 வோல்ட் பல்பை 6 வோல்ட்டில் மாட்டினால் மின்மினி மாதிரி மினுங்கும். எழுத்தைப் படித்துவிட்டு மாட்ட வேண்டும்.

டயரிலும் எழுத்து உண்டு. 3.25-19 என்றால் டயரின் அகலம் 3.25 அங்குலம், ரிம்மின் விட்டம் 19 அங்குலம். பழைய புல்லட்டுக்கு 19 அங்குல ரிம்தான். வேறு எண் இருந்தால் சக்கரம் மாறியிருக்கிறது.

உயிர் கொடுப்பது எப்படி?

விசாரணை முடிந்தது. இனி மெக்கானிக்கின் வேலை. பல ஆண்டு நின்ற வண்டியை எடுத்த எடுப்பில் கிக்கரை மிதிக்கக் கூடாது. பிஸ்டன் துருவில் ஒட்டியிருக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊற விடுவார்கள். பிறகு கிக்கரைக் கையால் மெல்ல அசைத்துப் பார்ப்பார்கள். அசைந்தால் நல்ல சேதி!

பழைய பெட்ரோல் பிசின் போல ஆகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்ய வேண்டும். ஆயிலை வடித்து, அதில் இரும்புத் தூள் மின்னுகிறதா என்று பார்க்க வேண்டும். காண்டாக்ட் பாயிண்டின் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்தால் பிளக்கில் தீப்பொறி வரும். என்ஜின் ஓடும் முன்பே பிரேக்கைப் பார்த்துவிட வேண்டும். ஓடாத வண்டியால் ஆபத்து இல்லை. நிற்காத வண்டியால்தான் ஆபத்து.

புல்லட்டைக் கிளப்புவதே ஒரு கலை. சாவி போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தும்போது அம்மீட்டர் முள் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நடுவுக்கு வரும். பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்து உள்ளே உள்ள அழுத்தத்தை வெளியேற்றி, கிக்கரைக் கொஞ்சம் தாண்ட விட்டு, லீவரை விட்டுவிட்டு ஒரே மிதி. முறை தெரியாமல் மிதித்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். கால் வீங்கிப் போகும்!

எதை வைப்பது, எதை மாற்றுவது?

பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங் இவற்றில் பொருந்தாதது எதுவும் இருக்கக் கூடாது. அது உயிர் சம்பந்தப்பட்டது. மற்றவற்றில் அவசரப்பட வேண்டாம். கழற்றிய பாகத்தை எறியாதீர்கள். 2021-இல் மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி, அசல் அமைப்பு மாறாத, 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் பெறலாம். அப்போது மூலையில் கிடக்கும் பழைய மட்கார்டுகூடப் பொக்கிஷம்தான்.

அப்படியானால் மாமா, சித்தப்பா இருவரில் யார் சொன்னது சரி? எண்கள் பொருந்தி, சட்டம் வளையாமல், பிஸ்டனும் அசைந்தால் சித்தப்பா. எண்ணே இல்லை, சட்டமும் ஒடிந்து போயிருக்கிறது என்றால் மாமா. விசாரிக்கும் வரை இருவருமே ஊகிக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. பிரிக்கும் முன் நான்கு பக்கமும் புகைப்படம் எடுங்கள்.

2. கழற்றும் பாகங்களைத் தனித்தனிப் பைகளில் போட்டு, பெயரும் தேதியும் எழுதிக் கட்டுங்கள்.

3. ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: பாகம், அதில் உள்ள எழுத்து அல்லது அளவு, எங்கிருந்து வந்தது. மூன்றாவது பத்திக்குத் தாத்தா, பாட்டி, ஊர் மெக்கானிக் எல்லோரையும் கேளுங்கள்.

4. பெட்ரோல், பாட்டரி அமிலம் பக்கம் போகாதீர்கள். பழைய பிரேக் தூசியை ஊதாதீர்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். மூடிய அறையில் என்ஜினை ஓட விடக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிருக்கு ஆபத்து.

5. ஓட்டும் ஆசையா? 18 வயது நிறைந்து, லைசென்ஸ் வாங்கிய பிறகுதான்!

வீட்டில் மோட்டார் சைக்கிள் இல்லையா? கவலை வேண்டாம். அப்பாவின் பழைய சைக்கிளிலேயே தொடங்குங்கள். கழுத்தில் எண் இருக்கிறதா, டயரில் என்ன எழுதியிருக்கிறது, எந்தப் பாகம் எந்த வருடம் மாற்றியது? ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.