தேவாலய உட்புறமும் அளவுகோலும்: ஆயத்த வரைபடங்கள் பற்றிய ஒரு குறிப்பு

கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டையையும், அவ்வூரில் அவர்தம் சீர்திருத்தத் திருச்சபை எழுப்பிய தேவாலயத்தையும் அறிந்தோர் பலர். அதே வணிக சமுதாயம் தன் தாயகத்துத் தேவாலயங்களின் உட்புறத்தை எவ்வாறு நோக்கியது என்பதை இவற்றுடன் ஒப்பிடுதல் பயனுடைத்து. பீற்றர் சான்ரெடாம் (1597–1665) என்னும் ஓவியரின் ஆயத்த வரைபடங்கள் அதற்குத் தக்க சான்றாகும்.

அவரது ஆக்கமுறை மூன்று படிநிலைகளைக் கொண்டது. முதலாவது, ஆலயத்தினுள் அமர்ந்து கண்டவாறு வரைந்து நாள் குறித்த படம். இரண்டாவது, அளவுகளின் துணையுடன் கண்மட்டத்தையும் கோடுகள் குவியும் புள்ளியையும் வகுத்தமைத்த கட்டமைப்புப் படம். அதன் பின்புறத்தில் கரி பூசி, கோடுகளை அழுத்திப் பலகைக்கு மாற்றிய பின்னரே மூன்றாவதாகிய ஓவியம் உருப்பெற்றது. உத்ரெக்ற் நகரின் மரியாள் ஆலய உட்புறத்தை அவர் வரைந்தது 1636இல். அது ஓவியமானது 1641இல்.

ஓவியம் விற்பனைப் பண்டம். அதில் அழகு கருதி விகிதங்கள் மாற்றப்படுவதுண்டு. ஆயத்தப் படமோ உழைப்பின் பதிவு. மரியாள் ஆலயம் 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. அதன் உள்ளமைப்பை அறிய இன்று அப்படங்கள் இன்றியமையாதனவாயுள்ளன.

ஆயின், இத்துல்லியத்தின் மறுபுறத்தையும் நாம் நோக்கல் வேண்டும். சுரூபங்கள் அகற்றப்பட்டு வெண்மை பூசப்பெற்ற அச்சுவர்கள் சமயப் போராட்டத்தின் விளைவாகும். அந்நாட்டு வணிகக் கம்பனியே 1658இல், கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலளிப்போர்க்கு இலங்கையில் மரண தண்டனை விதித்தது. 1672இல் வெளிவந்த பால்தேயுவின் நூல் யாழ்ப்பாணத் தேவாலயங்களைச் சித்திரித்தது. அவை போர்த்துக்கேயரிடமிருந்து கம்பனி கைப்பற்றியவை. 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசப் வாஸ் அடிகளாரைச் சூழ்ந்து கம்பனி ஆட்சிப் பகுதிகளில் இரவில் கூடிய மக்களின் வழிபாட்டிடங்களோ வேறு வகையின. மறைவிடத்தை அளந்து வரைதல் அதனைக் காட்டிக்கொடுத்தலாகவே முடிந்திருக்கும். எனவே, எது வரையப்படுகின்றது, எது வரையப்படாது போகின்றது என்பதும் அதிகார உறவுகளால் நிர்ணயிக்கப்படுவதே.

தலவில புனித அன்னம்மாள் ஆலயம் முதலாகப் புத்தளக் கரையோர ஆலயங்கள் மீனவ மக்களின் உழைப்பாலும் காணிக்கையாலும் நிலைபெற்றவை. திருத்த வேலை நடைபெறுந்தோறும் பழைய ஆலயமொன்றின் தூணும் பீடமும் கூரையும் மாறக்கூடும். அதற்கு முன்னரே அளவுநாடாவும் நாள் குறித்த தாளும் உள்ளே செல்லல் வேண்டும். பல்கலைக்கழக மாணவர் அவ்வூரவரின் நினைவுகளையும் கேட்டறிந்து அப்பணியை மேற்கொள்வாராயின், முன்பு வரையப்படாதிருந்த மக்களின் வரலாறும் அளவோடு பதிவுபெறும்.