குடும்பத்துக்கு ஒரு பழைய ஸ்கீ படகு – ஏற்காட்டிலிருந்து ஒரு குறிப்பு

மினசோட்டாவில் இருக்கும் என் சித்தப்பா மகன் பழைய ஸ்கீ படகு ஒன்று வாங்கப் பார்க்கிறான். வீட்டில் இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு 12, சின்னவனுக்கு 8. மூன்று படகுகளின் விளம்பரங்களை அனுப்பி, "அண்ணா, நீங்க கொஞ்சம் படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்றான். நான் படகுக்காரன் இல்லை. எதையாவது எடுத்துத் துருவித் துருவிப் படிப்பவன் என்பது அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான். படித்ததை எப்போதும் போல இங்கே குறித்து வைக்கிறேன். படகு வாங்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் கடைசியில் ஒரு விஷயம் இருக்கிறது.

ஸ்கீ படகு என்றால்?

தண்ணீர் மேல் ஸ்கீ விடுவதை முதலில் செய்து காட்டியவர் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையன். 1922ல், அதே மினசோட்டாவின் பெப்பின் ஏரியில். காலில் இரண்டு பலகை, கையில் ஒரு கயிறு, முன்னால் இழுக்க ஒரு படகு. இன்றைக்கும் அடிப்படை இதுதான்.

பிறகு இதற்கென்றே படகு செய்யும் கம்பெனிகள் வந்தன. ஃப்ளோரிடாவில் 1925ல் தொடங்கிய கரெக்ட் கிராஃப்ட் (இவர்களுடைய படகுதான் நாட்டிக்), 1968ல் வந்த மாஸ்டர்கிராஃப்ட், 1982ல் வந்த மாலிபு ஆகியவை பெரிய பெயர்கள். பழைய படகுச் சந்தையில் அதிகம் கண்ணில் படுவதும் இவைதான்.

ஸ்கீ படகிடம் எதிர்பார்ப்பது மூன்று: சட்டென்று வேகம் எடுக்க வேண்டும், நேர்கோட்டில் போக வேண்டும், பின்னால் எழும் அலை சின்னதாக இருக்க வேண்டும்.

நம்ம ஏற்காடு ஏரியில் ஓடுமா?

ஓடாது. ஓட்டவும் கூடாது. ஸ்கீ போட்டிக்கான பாதை மட்டும் 259 மீட்டர் நீளம். மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க 16 வினாடி ஆகும். அதற்கு முன் வேகமெடுக்கவும், பின் திரும்பவும் தனி இடம் வேண்டும். நம் ஏரியோ, அண்ணா பூங்கா பக்கம் நின்றால் எதிர்க்கரை தெரிகிற அளவுதான். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள படகு அந்த வேகத்தில் போனால் எழும் அலையில் மிதிபடகில் இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று உயரம். ஏற்காடு சுமார் 1500 மீட்டர். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு குறையும். கலிஃபோர்னியா எல்லையில் உள்ள டாஹோ ஏரி நம்மைவிட உயரம், சுமார் 1900 மீட்டர். அங்கே ஓட்டுபவர்கள் பிட்ச் குறைந்த ப்ரொப்பெல்லர் மாட்டிக்கொள்வார்கள். மலையேறும்போது நாம் கியரைக் குறைக்கிற மாதிரி. தாழ்வான ஊரில் ஓடிய படகை மலை ஏரிக்கு வாங்கினால் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். பெப்பின் ஏரிப் பக்கம் இந்தக் கவலை இல்லை.

எஞ்சின் எங்கே, ப்ரொப்பெல்லர் எங்கே?

தம்பி அனுப்பிய மூன்றும் மூன்று வகை. வித்தியாசம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

1. டைரக்ட் டிரைவ்: எஞ்சின் படகின் நடுவில் ஒரு பெட்டிக்குள். அதிலிருந்து சாய்வாக ஒரு ஷாஃப்ட் அடியைத் துளைத்துக்கொண்டு இறங்கும். ப்ரொப்பெல்லர் படகுக்கு அடியில், அதன் பின்னால் சுக்கான். அசல் ஸ்கீ படகு இதுதான். எடை நடுவில் இருப்பதால் அலை சின்னது. ஆனால் உட்காரும் இடத்தை எஞ்சின் பெட்டி அடைத்துக்கொள்ளும்.

2. வி-டிரைவ்: எஞ்சின் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும். ஷாஃப்ட் முன்னால் வந்து கியர்பாக்ஸில் மடங்கி, மறுபடி பின்னால் போகும். ப்ரொப்பெல்லர் இதிலும் படகுக்கு அடியில்தான். நடுவில் இடம் தாராளம். அலை பெரியது, வேக்போர்டு விடுபவர்களுக்கு அதுதான் வேண்டும்.

3. ஸ்டெர்ன் டிரைவ்: எஞ்சின் உள்ளே பின்புறம் இருக்கும். ப்ரொப்பெல்லர் படகுக்கு வெளியே, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். விலை மலிவு, வசதி அதிகம். விளம்பரத்தில் இதையும் 'ஸ்கீ படகு' என்றே போடுகிறார்கள்.

காசிமேட்டில் நிற்கும் பெரிய விசைப்படகுகள் இன்போர்ட். எஞ்சின் உள்ளே, ப்ரொப்பெல்லர் அடியில். கரையில் இழுத்துப் போட்டிருக்கும் ஃபைபர் படகுகளில் எஞ்சினே வெளியே தொங்கும். இந்த இரண்டையும் பார்த்தவர்களுக்கு மேலே சொன்னது எளிதாகப் பிடிபடும்.

குடும்பத்துக்கு வாங்குபவர் படகின் பின்னால் போய் நிற்க வேண்டும்

படகு பார்க்கப் போகிறவர்கள் முன்னால் நின்று பெயிண்ட், சீட், ஸ்பீக்கர் எல்லாம் பார்க்கிறார்கள். பிள்ளைகள் தண்ணீரில் இறங்குவதும் ஏறுவதும் பின்பக்கம் உள்ள பலகை வழியாகத்தான். ஆபத்து இரண்டும் அங்கேதான் இருக்கிறது.

ஒன்று ப்ரொப்பெல்லர். ஸ்டெர்ன் டிரைவில் ஏறும் பலகைக்குக் கீழேயே, கால் எட்டும் தூரத்தில் அது இருக்கிறது. இன்போர்டில் படகுக்கு அடியில், பின்விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. குடும்பத்துக்கு இன்போர்ட் வாங்கு என்று சொல்ல இந்த ஒரு காரணமே போதும். அதற்காக எந்தப் படகிலும், ஆள் பக்கத்துத் தண்ணீரில் இருக்கும்போது எஞ்சின் ஓடக் கூடாது. நியூட்ரல் போதாது, சாவியை அணைக்க வேண்டும்.

இரண்டாவது புகை. இதைப் பலரும் யோசிப்பதில்லை. பெட்ரோல் எஞ்சினின் புகை பின்பக்கம், தண்ணீர் மட்டத்தை ஒட்டி வெளியே வருகிறது. அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. எடையும் கிட்டத்தட்ட காற்றின் எடைதான்; அதனால் மேலே போகாமல் பலகையைச் சுற்றியே நிற்கும். திறந்தவெளிதானே என்று பின்பலகையில் உட்கார்ந்து வந்தவர்களும், அதைப் பிடித்துக்கொண்டு நீரில் மிதந்து வந்தவர்களும் மயங்கி நீரில் விழுந்து இறந்திருக்கிறார்கள். அப்படித் தொங்கி வருவதைக் கலிஃபோர்னியா 2005லிருந்து சட்டம் போட்டே தடுத்திருக்கிறது. அமெரிக்காவில் 2010க்குப் பிறகு வந்த விதிகளால் புது இன்போர்ட் எஞ்சின்களில் இந்த வாயுவைக் குறைக்கும் கேட்டலிஸ்ட் வந்தது. தம்பி பார்க்கும் 90களின் படகில் அது கிடையாது. ஆகவே வீட்டில் ஒரே சட்டம்: எஞ்சின் ஓடினால் பின்பலகையில் யாரும் இல்லை. படகில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டிவிட வேண்டும்.

எத்தனை பேர்?

அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று ஒரு தகடு அடித்திருக்கும். அந்தத் தகட்டைத் தேடிப் படிக்க வேண்டும். முன்பக்கம் திறந்த சீட் உள்ள டைரக்ட் டிரைவ் படகுகளில் மூக்கு தாழ்வாக இருக்கும். அங்கே நாலு பேரை உட்கார வைத்துவிட்டு வேகத்தைச் சட்டென்று குறைத்தால், சொந்த அலையே திரும்பி வந்து முன்னால் ஏறிவிடும்.

'ரெண்டு பேர் கூட ஏறினா என்ன ஆகிடும்' என்பது நம் ஊர்ப் பேச்சு. என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேர். அதில் 15 பேர் குழந்தைகள். அது மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியது, அளவுக்கு மேல் ஆள் ஏற்றியது. எடை உயர உயர, ஒரு பக்கம் சேரச் சேர, படகு நிமிரும் சக்தியை இழக்கிறது. பழைய படகு வாங்குபவர் அதில் மேலே பிற்பாடு யாராவது எதையாவது ஏற்றிக் கட்டியிருக்கிறார்களா என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

எஞ்சினுக்கு முன் அடிக்கட்டு

படகின் அடியில் நீளவாக்கில் விட்டங்கள் ஓடும். ஸ்ட்ரிங்கர் என்று பெயர். எஞ்சின் உட்கார்ந்திருப்பது இவற்றின் மேல்தான். 1990களின் தொடக்கம் வரை பல கம்பெனிகள் மரத்தை வைத்து அதன் மேல் ஃபைபர் பூசின. ஏதாவது போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் மரம் உள்ளேயே உளுத்துப்போகும், வெளியே தெரியாது. எஞ்சின் போனால் வேறு எஞ்சின் வைக்கலாம். ஸ்ட்ரிங்கர் போனால் எஞ்சினைத் தூக்கி, தரையைப் பிரித்து எடுக்க வேண்டும். படகின் விலையைவிடச் செலவு கூடிவிடும்.

சோதிக்கும் வழி எளிது. வெறுங்காலில் தரை முழுக்க நடந்து பார். எங்கேயும் மெத்தென்று அமுங்கக் கூடாது. மரத்தின் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிப் பார். 'டக் டக்' என்று வருவது நல்லது, 'தொப்' என்றால் சந்தேகம். எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டை ஸ்பேனர் வைத்து லேசாக முறுக்கிப் பார். இறுகாமல் சுற்றிக்கொண்டே போனால் உள்ளே மரம் இல்லை, மாவுதான்.

எஞ்சின்: கார் எஞ்சின்தான், ஆனால் கார் இல்லை

இந்தப் படகுகளில் பெரும்பாலும் ஃபோர்டின் 5.8 லிட்டரோ, ஷெவ்ரலேயின் 5.7 லிட்டரோ வி-8 எஞ்சின் இருக்கும். அதற்காகக் கார்க் கடையில் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் வாங்கி மாட்டக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். படகின் அடிக்குழியில் தேங்கும். படகுக்கான பாகங்கள் பொறி வெளியே வராதபடி அடைத்துச் செய்யப்பட்டவை. கிளப்பும் முன் 4 நிமிடம் ப்ளோயர் ஓடவிட வேண்டும் என்ற எச்சரிக்கையும் இதற்காகத்தான். முந்தைய ஓனர் மலிவாக இருக்கிறதென்று எதை மாட்டினார் என்பதை மெக்கானிக்கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரேடியேட்டர் கிடையாது. ஏரித் தண்ணீரை உறிஞ்சித்தான் எஞ்சின் குளிர்கிறது. மினசோட்டா குளிரில், வடிக்காமல் விட்ட தண்ணீர் உறைந்து விரிந்தால் இரும்பு பிளாக்கே வெடிக்கும். ஆகவே பிளாக்கின் பக்கவாட்டில் விரிசலோ, வெல்டிங் தடமோ இருக்கிறதா பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது. அப்படியே திரும்பி வந்துவிடலாம். எட்டு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் எடுக்கணும். எண் எவ்வளவு என்பதைவிட எட்டும் பக்கம் பக்கமாக இருக்கிறதா என்பது முக்கியம்.

ஓடிய மணிநேரத்தைக் கார் மீட்டரோடு ஒப்பிடக் கூடாது. காருக்கு இறக்கம் உண்டு, படகுக்கு இல்லை. கோரிமேட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறுகிறோமே, அந்த ஏற்றம் முடியாமலே போய்க்கொண்டிருந்தால் எப்படியோ அப்படித்தான் படகு எஞ்சின் உழைக்கிறது. அதே சமயம், இருபது வருஷத்தில் நூறு மணிநேரம்தான் ஓடியது என்றாலும் சந்தோஷப்பட வேண்டாம். சும்மா நின்ற படகில் ரப்பர், சீல், பெட்ரோல் டேங்க் எல்லாம் கெட்டிருக்கும்.

தண்ணீரில் இறக்காமல் பணம் கொடுக்காதே

வீட்டு வாசலில் குழாய்த் தண்ணீர் வைத்து ஓட்டிக் காட்டுவது பாதிச் சோதனைகூட இல்லை. ஏரியில் இறக்கி, அரை மணியாவது ஓட்டி, சூடு ஏறுகிறதா, முழு வேகத்தில் ஆர்பிஎம் சொன்னபடி வருகிறதா, ஷாஃப்ட் அதிர்கிறதா, அடியில் தண்ணீர் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பயம் வராது. இன்போர்ட் படகு ரிவர்ஸில் ஒழுங்காகத் திரும்பாது. ப்ரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் சுக்கானில் படுவதால்தான் படகு திரும்புகிறது. ரிவர்ஸில் அந்தத் தண்ணீர் சுக்கான் பக்கம் போவதில்லை. படகு தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் இழுக்கும். அது பழுதில்லை, அதன் சுபாவம்.

மூன்றில் எது?

தம்பிக்கு நான் எழுதியது இதுதான். ஸ்டெர்ன் டிரைவை விட்டுவிடு. பிள்ளைகள் ஸ்கீ கற்பதுதான் முக்கியம் என்றால் டைரக்ட் டிரைவ். மரம் இல்லாத அடிக்கட்டு உள்ளதாகப் பார். நண்பர்கள் குடும்பமும் சேர்ந்து வருவார்கள் என்றால் வி-டிரைவ். இரண்டில் எதுவானாலும் பார்க்கும் வரிசை: பின்புறம், அடிக்கட்டு, எஞ்சின், கடைசியில் சீட்டும் பெயிண்டும். பேசிய விலையில் ஒரு பங்கை லைஃப் ஜாக்கெட்டுக்கும் மெக்கானிக்குக்கும் முதலிலேயே ஒதுக்கி வை.

நமக்கான விஷயம் இது. முட்டுக்காடு, பைக்காரா, ஏற்காடு என்று படகு இல்லத்துக்குப் பிள்ளைகளோடு போகாத குடும்பம் நம்மில் குறைவு. எந்தப் படகில் ஏறும் முன்பும் நான்கு விஷயம் பார்க்க அரை நிமிடம் போதும்: எத்தனை பேருக்கான படகு, எத்தனை பேர் ஏறியிருக்கிறோம், பிள்ளைக்கு அதன் அளவில் லைஃப் ஜாக்கெட் கிடைத்ததா, அதன் பக்கிள் எல்லாம் மாட்டியிருக்கிறதா. நான்கில் ஒன்று சரியில்லை என்றாலும் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.