தைராய்டுக் கட்டியும் அதன் உறையும்: நுண்ணோக்கிவழி நோயறிதல்

தைராய்டு சுரப்பியில் தோன்றும் ஃபாலிக்குலர் வகைக் கட்டி தீங்கற்றதா, புற்றுநோயா என்பதை உயிரணுக்களின் தோற்றத்தைக் கொண்டு மட்டும் துணிய இயலாது. இரண்டிலும் அவை பெரும்பாலும் ஒத்தே காணப்படும். கட்டியைச் சூழ்ந்துள்ள நாருறையை உயிரணுக்கள் ஊடுருவியிருந்தாலோ, இரத்தக் குழாய்களுக்குள் புகுந்திருந்தாலோ அது புற்றுநோய் எனப்படும். ஊசிவழி உறிஞ்சும் மாதிரியில் இவ்வுறை கிடைப்பதில்லை. எனவே, அறுவையில் அகற்றிய கட்டியின் உறைப்பகுதியை மென்சீவல்களாக்கி, ஹெமடாக்சிலின், இயோசின் சாயங்களேற்றி ஆராய்கின்றனர். ஊடுருவல் ஓரிடத்தில் மட்டுமே இருக்கக்கூடும் ஆதலின், சில சீவல்களோடு நிறுத்துவது பிழைக்கு இடந்தரும்.

பாப்பில்லரிப் புற்றுநோயில் நிலை வேறு. அங்கு வெளிறிய, வரிப்பள்ளமுடைய உட்கருக்களே முதன்மைச் சான்று. அத்தகைய உட்கருக்கள் இருந்தமையால், உறைக்குள் அடங்கி எங்கும் ஊடுருவாத ஃபாலிக்குலர் அமைப்புடைய கட்டிகளும் நெடுங்காலம் புற்றுநோய் என்றே பெயர்பெற்றன. அவை பரவுவது மிக அரிது எனக் கண்ட பன்னாட்டு வல்லுநர் குழு, 2016இல் அவற்றின் பெயரிலிருந்து ‘புற்றுநோய்’ என்னும் சொல்லை நீக்கப் பரிந்துரைத்தது. 2017இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் அதனை ஏற்றது. ஒரு சொல்லின் நீக்கம் மருத்துவ முறையையே மாற்றிய அரிய நிகழ்வு இது: இந்நோயாளிகளுக்குக் கதிரியக்க அயோடின் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. எனினும், உறை முழுவதையும் ஆராய்ந்த பின்னரே புதிய பெயரை வழங்க இயலும்.