மினுமினுக்கும் கேன்வாஸ் படம்: மழைக்காலம் தாங்குமா?

பத்துக்குப் பத்து அறையானாலும் ஊரிலிருக்கும் தாய் தந்தையின் படத்துக்குச் சுவரில் ஓர் இடம் உண்டு. தாராவியிலும் செம்பூரிலும் நம்மவர் வீடுகளில் கண்ணாடிச் சட்டம் போட்ட படங்களையே நெடுங்காலம் பார்த்து வந்தோம். இப்போது துணியில் அச்சிட்ட பெரிய படங்களும் வந்துவிட்டன. அவற்றில் வெள்ளித் தகடு போல் மினுமினுக்கும் 'மெட்டாலிக் கேன்வாஸ்' ரகத்தைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். விலை சாதாரணக் கேன்வாசைவிடக் கூடுதல். கொடுத்த பணத்துக்குப் படம் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதுதான் கேள்வி.

வெள்ளி இல்லை

பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோவில் உண்மையான வெள்ளி உண்டு. தஞ்சாவூர் ஓவியத்தில் தங்க ரேக்கு உண்டு. இதில் இருப்பது பருத்தியோ பாலியஸ்டரோ கலந்த துணி. அதன் மேல் மை பிடிப்பதற்கான ஒரு பூச்சு. அந்தப் பூச்சில் முத்துப் போல் ஒளிரும் நுண்ணிய துகள்கள். பெரும்பாலும் மைக்காவைக் கொண்டு செய்தவை.

இங்க்ஜெட் இயந்திரம் பொதுவாக வெள்ளை மை தெளிப்பதில்லை. வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தில் துணியின் நிறமே தெரியும். ஆகவே அப்பாவின் வெள்ளை வேட்டி, மெட்டாலிக் துணியில் வெள்ளி கலந்த சாம்பலாக மாறிவிடும். படம் முழுவதுமே சற்று இருண்டு தோன்றும். அச்சிடுமுன் கொஞ்சம் வெளிச்சம் கூட்டச் சொல்ல வேண்டும்.

பட்டுப் புடவையின் ஜரிகை, நகை, கடல் அலை, இரவு விளக்குகள், இவை இந்தத் துணியில் அபாரமாக வரும். ஆனால் ஒற்றை டியூப் லைட் எரியும் அறையில் எதிர்ச் சுவரில் மாட்டினால் நெற்றியும் கன்னமும் பளபளத்து, முகம் மறைந்து போகிறது. கல்யாணப் படத்துக்கு மெட்டாலிக் சரி. முகம் பார்க்க வேண்டிய படத்துக்குப் பளபளப்பில்லாத சாதாரணக் கேன்வாசே மேல் என்பது நமது அபிப்பிராயம்.

மூலப்படம் பத்திரம்

வீட்டில் ஒரே ஒரு படம் இருந்தால் அதைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். எதிரிலேயே ஸ்கான் செய்யச் சொல்லித் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தால் முகமே உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்து ஸ்கான் செய்தால் போதும்.

24க்கு 36 அங்குலப் படம் தெளிவாக வர, அங்குலத்துக்கு 150 புள்ளி வீதம் 3,600க்கு 5,400 புள்ளிகள் தேவை. ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் வழியிலேயே சுருங்கிவிடுகிறது. 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் அளவுப் படத்தை அங்குலத்துக்கு 1,200 புள்ளியில் ஸ்கான் செய்தால் 11க்கு 14 அங்குலம் வரை பெரிதாக்கலாம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் முகம் கலங்கும். தாளில் இல்லாத தெளிவை எந்த ஸ்கானரும் கொண்டு வராது.

பூச்சுதான் கண்ணாடி

கேன்வாஸ் படத்துக்குக் கண்ணாடி போடும் வழக்கமில்லை. மேலே பூசும் பூச்சுதான் அதற்குக் கண்ணாடி. செலவைக் குறைக்க இதைத் தவிர்ப்பவர்கள்தான் இரண்டாவது மழைக்காலத்தில் வருந்துகிறார்கள். ரவிவர்மாவின் அச்சகம் 1894-ல் இதே மும்பையில் தொடங்கிய காலத்திலேயே, 'ஒலியோகிராப்' என்ற அச்சுப் படங்களுக்கு வார்னிஷ் பூசுவது வழக்கமாக இருந்தது.

கடையில் முதலில் மையைப் பற்றிக் கேளுங்கள். 'டை' மை தண்ணீரில் கரையும் சாயம். வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். 'பிக்மென்ட்' மை கரையாத வண்ணத்தூள், அதுவே நீடிக்கும். அச்சிட்ட படத்தை ஒரு நாளாவது உலரவிட்ட பிறகே அக்ரிலிக் பூச்சு அடிக்க வேண்டும். கனமாக ஒரு தடவை பூசுவதைவிட, மெல்லியதாக இரண்டு தடவை, முதலில் நெடுக்காகவும் காய்ந்தபின் குறுக்காகவும், பூசுவது நல்லது. மெட்டாலிக் துணிக்கு 'மேட்' பூச்சு அடித்தால் காசு கொடுத்து வாங்கிய மினுமினுப்பே போய்விடும். 'கிளாஸ்' அல்லது 'சாட்டின்' பூச்சு கேளுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த வேலையைத் தள்ளிப் போடுவது உத்தமம். ஈரக் காற்றில் பூச்சு சரியாக உலராது. சில வகைப் பூச்சு பால் படிந்தது போல் வெளுத்தும் போகும். ஒரு சோதனையும் உண்டு. கையகலத் துண்டு ஒன்றை அச்சிட்டுப் பூச்சு அடித்துத் தரச் சொல்லுங்கள். நன்றாக உலர்ந்தபின் ஈரப் பஞ்சால் தேய்த்துப் பாருங்கள், மடித்தும் பாருங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினாலோ மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தாலோ அந்தக் கடை வேண்டாம்.

பொட்டும் மாலையும்

காலமானவர் படமாயிருந்தால் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போடுவோம். கண்ணாடியானால் வாரம் ஒரு முறை துடைத்துவிடலாம். கேன்வாசில் குங்குமம் நெசவின் பள்ளங்களில் தங்கிவிடும். துடைக்கத் துடைக்கச் சிவப்பு பரவுமே தவிரப் போகாது. ஈர மாலையும் கறை விடும். ஊதுவத்திப் புகையும் விளக்குக் கரியும் படியும். பூஜைக்குரிய படம் தாளில் அச்சிட்டுக் கண்ணாடிக்குள் இருப்பதே முறை. கேன்வாசைத்தான் வைப்பேன் என்பவர்கள் பொட்டைச் சட்டத்தின் மேல் வைக்கலாம்.

அடுப்புப் பக்கமும் குளியலறைச் சுவரும் வேண்டாம். நேர் வெயில் படும் இடமும் ஆகாது. சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் ரப்பர்த் துண்டு ஒட்டினால் சுவருக்கும் துணிக்கும் நடுவே காற்று ஓடும்; பூஞ்சை எளிதில் வராது. தூசியை உலர்ந்த மெல்லிய துணியால் தட்டினால் போதும். கண்ணாடி துடைக்கும் திரவம் கூடவே கூடாது.

ஊருக்குக் கொண்டுபோக

சட்டத்தில் அடித்த பெரிய படத்தை நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் நெரிசலில் கொண்டுபோவது நடக்காத காரியம். துணியாகவே வாங்கி, படம் வெளிப்பக்கம் இருக்கும்படி, அகலமான குழாயில் சுருட்டுங்கள். மேலே வழவழப்பான தாளைச் சுற்றுங்கள். குமிழ்ப் பிளாஸ்டிக்கை நேரே சுற்றினால் பூச்சில் தடம் விழும். சட்டம் ஒன்றரை அங்குலக் கனமானால் நாலு பக்கமும் மூன்று அங்குலம் துணி உபரியாக விடச் சொல்லுங்கள். ஊர்த் தச்சரே சட்டம் செய்துவிடுவார். ஆணியோ பின்னோ அடிக்கும்போது நடுவில் தொடங்கி, மூலைக்குச் சிறிது சிறிதாக வரச் சொல்ல வேண்டும். மூலையில் ஒரே இழுப்பாக இழுத்தால் மெட்டாலிக் பூச்சு வெடித்துவிடும்.