இரண்டு முள்ளு, ஒரு இதயம்!



ஓட்டப்பந்தயத்தில் முதலாவது வந்தவர், இரண்டாவது வந்தவர் ரெண்டு பேர் நேரத்தையும் ஒரே கடிகாரத்தில் எடுக்க முடியுமா? முடியும், அதுவும் பேட்டரி இல்லாமல்! அதன் பெயர் ஸ்பிளிட் செகண்ட்ஸ் கடிகாரம். 1830-களில் பாரிஸ் நகரத்தில் வின்னெர்ல் என்ற கடிகாரக் கலைஞர் இந்த வகையை உருவாக்கினார்.

அதில் ரெண்டு நொடி முள்ளு ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். முதல் ஆள் வந்ததும் பட்டனை அழுத்தினால், ஒரு முள்ளை மட்டும் உள்ளே இருக்கும் இடுக்கி பிடித்து நிறுத்தும். மற்றது ஓடிக்கிட்டே இருக்கும். மறுபடி அழுத்தினால் நின்ற முள்ளு ஒரே தாவாகத் தாவி மற்றதோடு சேர்ந்துவிடும்.

எப்படித் தாவுது? ஓடுகிற முள்ளின் அச்சில் இதய வடிவத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கு. நிற்கிற முள்ளோடு சேர்ந்த ஒரு நெம்புகோலை ஸ்பிரிங் அந்தத் தகட்டின் மேல் அழுத்தும். இடுக்கி விட்டதும் நெம்புகோல் இதயத்தின் பள்ளத்துக்கு வழுக்கிப் போய் விழும். முள்ளும் கூடவே வந்துவிடும்.

இங்கேதான் சிக்கல். ஒரு முள்ளு நிற்கும்போதும் இதயத் தகடு சுற்றுது. நெம்புகோல் அதில் உரசுது. மேடு ஏறும் 30 நொடி ஓட்டத்தை இழுத்துப் பிடிக்கும். இறங்கும் 30 நொடி முன்னால் தள்ளும். இதனால் பேலன்ஸ் சக்கரத்தின் ஆட்டம் மாறும், நேரம் கொஞ்சம் பிசகும். முதல் ஆளின் நேரத்தைக் குறித்ததற்காக இரண்டாவது ஆளின் நேரம் கெடலாமா? இது நியாயமா?

இதற்குத்தான் ஐசோலேட்டர், அதாவது பிரித்து வைக்கும் பாகம். இடுக்கி முள்ளைப் பிடிக்கும்போதே இது நெம்புகோலை இதயத்திலிருந்து தூக்கிவிடும். உரசலே இல்லை! இடுக்கி விட்டதும் நெம்புகோலைத் திரும்ப இறக்கிவிடும்.

எல்லா ஸ்பிளிட் கடிகாரத்திலும் இது கிடையாது. ஜெர்மனியின் லாங்கே கம்பெனி 2004-இல் வெளியிட்ட டபுள் ஸ்பிளிட் கடிகாரத்தில் இருக்கு. அதில் நிமிட முள்ளையும் தனியா நிறுத்தலாம்.

அளக்கிற கருவியே அளவைக் கெடுக்கக் கூடாது. இது கடிகாரத்துக்கு மட்டும் இல்லை. கொஞ்சமே கொஞ்சம் வெந்நீரில் குளிர்ந்த தெர்மாமீட்டரை வைத்தால் நீரின் சூடு குறையுமா, குறையாதா? யோசிச்சுப் பாருங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி